ஆரோக்கியமேரி அத்தையின் பதக்கம்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுதிக் காற்று. வேன் கண்ணாடி முழுக்க மண். பள்ளி திறந்த புதிது. ஏற்றும் பிள்ளைகளில் பாதி அழுகை, மீதி தூக்கம். பின் சக்கரத்தில் காற்றுக் குறைவு, பார்க்க வேண்டும். இட்லி மாவு வாங்க மறந்தாயிற்று.

நேற்று நடந்ததை எழுதாவிட்டால் மனசு ஆறாது.

பூசை முடிந்ததும் அறிவிப்பு. நம் கோயில் பங்கிலிருந்து ராணுவத்துக்குப் போய்ப் போரில் பணிசெய்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி, கிறிஸ்துமசுக்குக் கோயில் வளாகத்தில் வைக்கப் போகிறார்களாம். குழுச் செயலர் ஜேம்ஸ் சார் பெயர்களை வாசித்தார். அத்தை பெயர் இல்லை. வாசலில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"எங்கத்தை ஆரோக்கியமேரி எழுபத்தொண்ணு சண்டையில கிழக்குப் பக்கம் இருந்தவங்க சார். மிலிட்டரி நர்ஸ். உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்மா. ஆனா நர்ஸ் வேலதான? சண்டையா போட்டாங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"மெடல் கிடல் எதாச்சும் இருந்தா கொண்டா ரெஜினா. பார்ப்போம்" என்றார்.

இல்லை. பதக்கம் கொடுக்கும் முன்பே அத்தை ராணுவ வேலையை விட்டுவிட்டார். அப்புறம் மிஷன் ஆஸ்பத்திரி. நான் ஒரு முறை கேட்டபோது, "கேட்டு வாங்குறதுக்கு அது என்ன ரேஷன் அரிசியா?" என்றார். போன வருடம் என் வீட்டில்தான் கண்ணை மூடினார்.

அவர் கேட்கவில்லை. நான் கேட்பேன்.


ஜூன் 11, புதன்

காலை டிரிப் முடித்து நேராக முன்னாள் படைவீரர் அலுவலகம். மின்வெட்டு. எல்லார் கையிலும் விசிறியாக ஒரு கோப்பு.

அங்கிருந்த அம்மாள் தலை நிமிராமலே கேட்டார்: "எறந்தவரோட மனைவி நீங்களா?"

"எறந்தவங்க பொம்பள மேடம். எங்கப்பாவோட அக்கா. லெப்டினன்ட்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நர்சிங் ஆபீசரா? நம்ம திண்டுக்கல்லா?" நாற்காலியை இழுத்துப் போட்டார். இத்தனை வருடம் கழித்தும் பதக்கம் கொடுப்பார்களா என்று கேட்டேன். "குடுப்பாங்க. மெதுவா குடுப்பாங்க. நீங்க விடாம இருக்கணும்."

தேவை:
- பணி விடுவிப்புச் சான்று (அத்தை பெட்டியில் இருக்கிறது)
- இறப்புச் சான்று, வாரிசுச் சான்று
- ராணுவத்தில் எஸ்.ஏ. மேரி, இறப்புச் சான்றில் ஆரோக்கியமேரி. இருவரும் ஒருவரே என்று வக்கீலிடம் உறுதிமொழி
- அப்பா

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உயிரோடு இருக்கும் உடன்பிறப்பு அப்பா ஒருவர்தான். அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் நகராது என்கிறார் அந்த அம்மாள்.

கடைசி வரிதான் கஷ்டம். அப்பா அத்தையோடு பேசியதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளாகவே இல்லை. அத்தைக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை பார்த்து, நாள் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். எழுபத்தொன்று போர் வந்தது. மணப்பெண் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறித்தார்கள். தாத்தா அந்த அவமானத்தில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அத்தை அடக்கத்தன்று அப்பா என் வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பெட்டி கிளம்பியதும் பஸ் ஏறிப் போய்விட்டார்.


ஜூன் 15, ஞாயிறு

அகரம் போய் வந்தேன். தம்பி அந்தோணி வீட்டில்தான் அப்பா. மல்லிகைக்கு நல்ல விலையாம், எல்லார் முகத்திலும் தெளிவு. சாப்பாட்டுக்குக் கோழிக் குழம்பு, கத்தரிக்காய் வெஞ்சனம். சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். அப்பா கை கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அது என் கையெழுத்துல வர வேணாம்."

அவ்வளவுதான். தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

கிளம்பும்போது அந்தோணி வேன் வரை வந்தான். "அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. மிலிட்டரியில லீவு குடுக்கல, அதான் அத்தை கல்யாணத்துக்கு வரலன்னு ஊரே சொல்லுது. அந்த ஆபீஸ்லயும் அதத்தான் சொன்னாங்க, பதிஞ்சே வச்சிருக்காங்கன்னு சொல்லிரு. அப்பா எளகிருவாரு. போடுவாரு."

யோசிப்பதாகச் சொன்னேன். நல்ல யோசனை மாதிரிதான் இருந்தது.

தாடிக்கொம்பு தாண்டியதும் தூறல். வைப்பர் வேலை செய்யவில்லை.


ஜூன் 17, செவ்வாய்

வைப்பர் மாற்றியாயிற்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் சீட்டுக்கடியில் கிடைத்தது. கொடுக்க வேண்டும்.

பொய் சொல்ல முடியாது. ஏனென்றால் நடந்தது எனக்குத் தெரியும். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம், கால் பிடித்துவிடும்போது அத்தையே சொன்னது. மறந்துபோகும் முன் இங்கே எழுதி வைக்கிறேன்:

"லீவு குடுத்துட்டாங்க ரெஜினா. பொட்டி கட்டிட்டேன். ஆஸ்பத்திரின்னா என்ன, கூடாரந்தான். அன்னைக்குப் பார்த்து லாரி லாரியா கொண்டாந்து எறக்குறாங்க. ஒரு பையன், மீசகூட சரியா வரல, தண்ணி கேட்டான். வயித்துல குண்டு பட்டவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாது. துணிய நனச்சு உதட்டுல வச்சேன். என் கையப் பிடிச்சவன் விடல. அவன உதறிட்டு நான் எந்த ரயிலுக்குப் போறது? பெரிய டாக்டர்ட்ட போயி, லீவு வேணாம்னு சொல்லிட்டேன்."

அவன் பிழைத்தானா என்று கேட்டேன். "தெரியல. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டோம்" என்றார். பிறகு இடது காலையும் பிடித்துவிடச் சொன்னார்.

லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிப் பதக்கம் வாங்கினால், எதற்காக வாங்குகிறேனோ அதையே அழித்த மாதிரி. அப்பாவிடம் உள்ளதைச் சொல்வது. கையெழுத்துப் போடாவிட்டால் வேறு வழி பார்ப்பது. வேறு வழி என்னவென்று இப்போதைக்குத் தெரியவில்லை.


ஜூன் 19, வியாழன்

நல்ல வெயில். ஒரு டிரிப்புக்கு மாற்று டிரைவரை அனுப்பிவிட்டு அகரம் போனேன். அப்பா மல்லிகைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

"அத்தைக்கு லீவு குடுத்தாங்கப்பா. அவங்கதான் வேணாம்னு அங்கயே இருந்துட்டாங்க. எங்கிட்ட அவங்களே சொன்னாங்க."

மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"கல்யாணம் நின்னு போனப்புறம் வந்தாள்ல. மூஞ்சிக்கு நேரா சொன்னா. நாந்தான் வரலன்னு. அதுக்கு முன்னாடியே நான் ஊருக்குள்ள லீவு கெடைக்கலன்னு சொல்லிட்டேன். இன்னைக்கும் அதத்தான் சொல்றேன்."

அந்தோணி சொன்ன 'ஊரே சொல்லுது' எங்கிருந்து கிளம்பியது என்று அப்போதுதான் புரிந்தது.

"ஏன்ப்பா?"

"கவர்மென்ட்டு விடலன்னா ஒருத்தனும் பொண்ணக் குத்தம் சொல்ல மாட்டான்."

வீட்டுக்குள் கோபம், வெளியே அத்தைக்குக் காவல். இத்தனை காலமும் இரண்டையும் இவர் ஒருவரே சுமந்திருக்கிறார்.

"அப்ப கையெழுத்துப் போடுறதுக்கு என்ன?"

"அவளுக்காக ஊர்ல பேசுனேன். அவகிட்ட ஒரு வார்த்த பேசல. சாகக் கெடந்தப்பகூட வந்து பார்க்கல. அவ மெடல வாங்க நான் யாரு தாயி?"

கோபம் என்றே நான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

"அவங்க தம்பி" என்றேன். "அந்த ஆபீஸ்ல அது ஒண்ணுதான் கேக்குறாங்க. பேசுனீங்களான்னு கேக்கல."

மீதிப் பாத்திகள் எல்லாம் முடிந்தன. மோட்டாரை நிறுத்தினார்.

"எப்பப் போகணும்?"


ஜூன் 23, திங்கள்

அப்பா வெள்ளைச் சட்டை, தேய்த்த வேட்டி. வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் கைப்பிடியை விடவில்லை. என் டிரைவிங் மேல் அம்புட்டு நம்பிக்கை.

அலுவலக அம்மாள்: "எறந்தவங்க உங்களுக்கு என்ன முறைங்கய்யா?"

"அக்கா."

என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. 'அவ', 'அந்தப் பொம்பள', இல்லையென்றால் பேச்சே இல்லை. சவரிமுத்து என்று முழுப்பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார்.

வரும் வழியில் ரோஸ் மில்க். பேச்சு முழுக்க மல்லிகைக்கு வந்திருக்கும் பூச்சி பற்றி.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடிக் காற்று வேனையே தள்ளுகிறது. டில்லியிலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தாயிற்று. எஸ்.ஏ. மேரியில் அந்த 'எஸ்' யார் என்று கேள்வி. சந்தியாகு, தாத்தா பெயர். ஞானஸ்நானச் சான்று வேண்டும். பங்கு அலுவலகத்தில் நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளைக்குப் போவேன். நாளை மறுநாள் வரச் சொன்னால் அன்றைக்கும் போவேன்.

ஜேம்ஸ் சார் எதிரில் வந்தார். "இன்னுமா அலையுற?"

"ஆமா சார். கல்லுல ஒரு வரி இடம் விட்டு வைங்க."


அக்டோபர் 14, செவ்வாய்

மழை. மூன்று பிள்ளைகள் வரவில்லை. வேனுக்கு எஃப்.சி. தகுதிச் சோதனை முடிந்தது, பெரிய நிம்மதி. டில்லிக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். 'பேஜ் தியா' என்கிறார்கள். அலுவலக அம்மாளிடம் கேட்டால் 'அனுப்பிட்டோம்'னு அர்த்தமாம். எதை, எங்கே என்று கேட்க இந்தி போதவில்லை.


நவம்பர் 26, புதன்

காலை டிரிப்பில் இருக்கும்போதே அந்தோணி போன். "அக்கா, வந்துருச்சு. அப்பா பேருக்கு, பதிவுத் தபால்ல." பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அகரத்துக்கு வண்டியைத் திருப்புவதற்குள் மறுபடி போன். அப்பாவைக் காணோம், மெடல் டப்பாவையும் காணோம், மஞ்சப்பையோடு திண்டுக்கல் பஸ் ஏறியதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்தாராம்.

எங்கே என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கோயிலுக்கு விட்டேன்.

பங்கு அலுவலக அறையில் ஜேம்ஸ் சாரும் கல் குழுவில் இன்னும் நாலைந்து பேரும். மேசையில் சின்னப் பெட்டி திறந்து கிடந்தது. வெண்கல நட்சத்திரம், கலர் கலராய் ரிப்பன். பின்பக்கம் அத்தை பெயர். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார்.

ஜேம்ஸ் சார் பதக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினார். "சரிதான். பேரு போட்டுருவோம். ஒவ்வொரு பேருக்குக் கீழயும் ஒரு வரி எழுதுறோம். அக்காவுக்கு என்ன எழுதலாம்? லீவு கெடைக்காம கல்யாணமே நின்னு போச்சு, பாவம். அந்தத் தியாகத்த எழுதுவோமா?" ஜேம்ஸ் சாருக்கும் பூர்வீகம் அகரம்தான். அப்பா ஊரில் சொன்னதை நம்பி வளர்ந்தவர்.

"இல்ல சார்" என்றார் அப்பா. "லீவு கெடச்சுச்சு. கெடைக்கலன்னு நாந்தான் பொய் சொன்னேன். அடிபட்டுக் கெடந்த பயலுகள விட்டுட்டு வர மாட்டேன்னு அக்கா அங்கயே இருந்துருச்சு. யாரும் கட்டாயப்படுத்தல. அத எழுதுங்க."

ஜூனில் சிரித்தவர்களில் ஒருவர் எழுந்து அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஜேம்ஸ் சார் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதி வாசித்துக் காட்டினார். 'லெப்டினன்ட் ச. ஆரோக்கியமேரி. காயம்பட்டவர்களை விட்டு வர மறுத்தவர்.' அப்பா தலையை ஆட்டினார்.

திரும்பும்போது மஞ்சப்பை அப்பா மடியில். பைபாஸ் தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"உங்கூட இருந்தப்ப அக்கா காலையில என்ன சாப்பிடும்?"

சொன்னேன். கேப்பைக் கூழ், சின்ன வெங்காயம். அதற்குப் பிறகு கேள்வி மேல் கேள்வி. மூட்டு வலி இருந்துச்சா. ராத்திரி தூக்கம் வருமா. இந்தி பேசுமா. கோவம் வருமா. பாட்டுக் கேக்குமா. தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

அகரம் வந்துவிட்டது. வீட்டு வாசலில் நிறுத்தினேன். அப்பா இறங்கவில்லை. மத்தியான டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. மாற்று டிரைவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, இஞ்சினை அணைத்தேன். மேலே சொல்ல ஆரம்பித்தேன்.