மொரீஷியஸில் பத்துப் பிள்ளைகள்

12-11-1999, வெள்ளி இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். படித்துவிட்டால் அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள். இன்டர்நெட் சாட் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

இன்று கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்ததும் சாட்டுக்குப் போனேன். ஆறு மாதத்துக்குப் பிறகு மொரீஷியஸ் தேவி வந்திருந்தார். அவருக்கு முப்பது வயது. போன வருடம் அவருக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். மைசூரில் டீச்சராக இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். எட்டாவது படிக்கிறேன் என்றால் பேசமாட்டாரோ என்று பயம்.

“டீச்சர், ஸ்கூல் வேலை எப்படிப் போகுது?” என்று கேட்டார்.

“பசங்க ஒரே சத்தம்.”

“இங்கயும்தான். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பிள்ளைங்களுக்கு நான் தமிழ் சொல்லித்தரேன். நீங்க தந்த காய்கறிப் பேரெல்லாம் சுவத்துல ஒட்டியிருக்கேன். தக்காளி, கத்திரிக்காய், ஈருள்ளி.”

அந்தக் கடைசி வார்த்தையைத் திரும்பப் படித்தேன். தீபாவளிக்கு வந்த சேலத்து மாமா, நான் ஈருள்ளி என்றதும், “ஏண்டி கன்னடத்துப் பொண்ணே, அது வெங்காயம்டி,” என்று சிரித்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் ஈருள்ளி என்றுதான் சொல்வோம். அது கன்னடம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தேவியிடம் சொல்லவில்லை. வெங்காயம் தெரியாத டீச்சர் எங்கே இருக்கிறார்? பள்ளியில் என்னோடு இவ்வளவு பேச ஒருவரும் இல்லை. ஆனால் நாளை மறுநாள் அந்தப் பத்துப் பேரும் அதைச் சத்தமாகப் படிப்பார்கள்.

நாளை அனுப்ப எழுதிப் பார்க்கிறேன்.

தேவி அக்கா, நான் டீச்சர் இல்லை. எனக்குப் பதினான்கு வயது. ஈருள்ளியை அடித்துவிட்டு வெங்காயம் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகும் என்னோடு

அப்பா கதவைத் தட்டுகிறார்