நான் எழுதிய ‘சும்மா’

பிப். 9, திங்கள்
பனி. கோலம் நனைந்து அழிந்துவிட்டது. அம்மா என்னைத் திட்டினாள், பனியை அல்ல.

காலேஜுக்கு ஒரு கம்பெனி சார் வந்தார். வைக்கோலில் இருந்து வண்டி ஓட எண்ணெய் எடுப்பார்களாம். அறுவடை முடிந்தபின் எந்தப் பக்கம் என்ன மிஞ்சுகிறது என்று கணக்கு வேண்டுமாம். விழுப்புரம் பக்கம் கரும்புச் சோகை, கடலோரம் சவுக்கு மிலாறுக் குச்சி, திண்டிவனம் பக்கம் வைக்கோல், மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைதான்). அவரவர் ஊரை அவரவர் எழுத வேண்டும். சர்ட்டிபிகேட் உண்டு.

“மாடு தின்னா சாணி போடும். வண்டி தின்னா என்னா சார் போடும்?” என்று கேட்டேன். சாரே சிரித்துவிட்டார். இன்றைக்கு இது போதும்.

பிப். 10, செவ்வாய்
வீடு வீடாகப் போய்க் கேட்கச் சொன்னார்கள். வெயில். போகவில்லை. மாடியில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். கையெழுத்தும் நானே, பல ஸ்டைலில்.

வைக்கோல் போர். சர்வே போர். அம்மாவோடு தினம் போர்.

கடைசிக் கட்டம்: ‘மிச்சத்தை என்ன செய்கிறார்கள்?’ முதல் வீட்டுக்கு ‘மாட்டுக்கு’. அடுத்ததற்கு ‘கூரைக்கு’. அப்புறம் கை வலி. மீதி எல்லோருக்கும் ‘சும்மா’.

கீழே ஒரு வரி காலி. அஞ்சலை அக்காவைப் போட்டேன். அவளுக்கு நிலம் இல்லை. ஆனால் அறுப்பு மெஷின் வயல் மூலையில் திரும்பாது. அந்த மூலைகளைக் கையால் அறுக்கிறவருக்கே அந்த வைக்கோல், ஊர் வழக்கம். ஊரெல்லாம் மூலை அறுத்து, தன் ஒரே மாட்டுக்காக எங்கள் களத்தில் குட்டிப் போர் போட்டிருக்கிறாள்.

அஞ்சலை – மூலை வைக்கோல் – களம் – சும்மா.

பிப். 17, செவ்வாய். அமாவாசை
அக்கா மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருக்கிறாள். மதியம் கம்பெனி மெஷின் வந்தது. வைக்கோலைப் பாய் மாதிரி சுருட்டிச் சுருட்டித் துப்புகிறது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்: ‘வைக்கோலுக்கும் ஒரு ரோல் கிடைச்சிருச்சு.’ நிறைய சிரிப்புப் பொம்மைகள்.

யார் வைக்கோல் என்று பார்க்கவே இல்லை.

பிப். 18, புதன்
காலையிலேயே களத்தில் சத்தம். அக்கா. நெற்றியில் கோயில் குங்குமம் அப்படியே.

“எங்கடா எம் போரு?”

மெஷின்காரர் பேப்பரை நீட்டினார். “சும்மான்னு எழுதிக்குது பாரும்மா. சும்மா கெடக்கறதத்தான் சுருட்டுனோம். மத்தவங்க கூட நின்னு வேணாம்னாங்க, வுட்டுட்டோம்.”

“எவன் சொன்னான் சும்மான்னு? இந்தக் கையப் பாரு, எம்மாங் கீறலு! சும்மாவா வந்துச்சு?”

திருப்பித் தர முடியாதாம். விழுப்புரம் போய் அரைத்தாகிவிட்டதாம். அக்கா பேப்பரைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

“எவனோ சோம்பேறிப் பய எழுதிக்கிறான்” என்றார் அப்பா. பக்கத்தில்தான் நின்றேன். அக்கா செருகும்போதே பார்த்துவிட்டேன்: எலிவால் வைத்த ‘சு’. இந்த ஊரில் நான் மட்டும் போடுகிற ‘சு’.

ஸ்டேட்டஸை அழித்தேன். எல்லோரும் பார்த்து முடித்த பிறகு.

பிப். 20, வெள்ளி
அக்கா மாடு சினை. தீனி இல்லாமல் வைத்திருக்க முடியாது, ஞாயிறு சந்தைக்கு ஏற்றப் போகிறாளாம். அம்மா சொன்னாள்.

யாரிடம் சொல்வது?
1. அக்கா – பயம்.
2. சார் – அடுத்த வாரம்தான் வருவார்.
3. அப்பா – பயத்துக்கே அப்பா.

சாயங்காலம் எங்கள் போரில் ஒரு கட்டு உருவித் தூக்கிப் போனேன்.

“என்னாத்துக்கு பாப்பா இது?”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது: “சும்மாக்கா.”

சீ.

பிப். 22, ஞாயிறு
மேகம். ஏழு மணிக்கே டெம்போ. மாடு ஏறமாட்டேன் என்கிறது. அப்பா தள்ளிவிடப் போயிருந்தார். பின்னாலேயே ஓடினேன்.

“அக்கா, அந்தப் பேப்பர எழுதுனது நான்தான்.”

சிரித்தாள். “போன மாசம் எம் மாடு டிவில வருதுன்னு சொல்லி ஓட வுட்ட. இப்ப இதா? சும்மா சொல்லிக்கினு திரியாத பாப்பா.”

“சத்தியமாக்கா.”

டெம்போக்காரரும் சிரித்தார். அப்பா ஒரு குச்சியை எடுத்து நீட்டினார்.

“மண்ணுல எழுது.”

எழுதினேன். எலிவாலோடு.

அக்கா மடியிலிருந்து பேப்பரைப் பிரித்தாள். அதைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“வண்டியத் திருப்புப்பா” என்றார் அப்பா. என்னிடம், “போயி நம்ம போர உருவு. நீயே சொமக்கணும்.”

பதினோரு நடை. கழுத்தெல்லாம் அரிப்பு, கையில் கீறல். ஒவ்வொரு நடைக்கும் அக்கா “இங்க வை” என்றாள். அவ்வளவுதான். ஒரு தடவைகூட பாப்பா என்று கூப்பிடவில்லை.