செம்பருத்தி வேரில் உப்பு

ரெஜினா நைனா,

அடுப்பு மேல ரசம் இருக்குது, சூடு பண்ணிக்கோங்க.

நம்ம பொண்ணு ரெஜினா சாவறதுக்கு முன்ன நட்ட செம்பருத்தி கருகுதேன்னு நர்சரியில இலையைக் காட்டினேன். "உப்பு போட்டீங்களா?"ன்னு நர்சரிக்காரரு கேட்டாரு. யாரு போடுவாங்கன்னு சண்டை போட்டுட்டு வந்தேன். வந்து பார்த்தா செடியடியில பிடி பிடியா உப்பு, பக்கத்துல மாதா கோயில் பொட்டலம். செடி பொழைக்கணும்னு சாமியார் மந்திரிச்ச உப்பைப் போட்டீங்களா?

குடம் குடமா தண்ணி ஊத்தி உப்பை வேருக்குக் கீழ எறக்குங்க. இதுவும் போச்சுன்னா நமக்கு இன்னா இருக்குது? நான் ஒரு குச்சி ஒடிச்சிக்கினு தொண்டூர்ல அக்கா வீட்டுல நட்டு வெக்கப் போறேன். சாயந்தரம் வந்துடுவேன்.

செல்வராணி

இன்னொண்ணு: செடிகிட்ட உக்காந்து அவ பேரைச் சொல்லி அழுவறீங்களாம், பக்கத்து வீட்ல சொன்னாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. இனிமே எங்கிட்ட வந்து அழுவுங்க.