சின்யோர் ஏங்க

காலையில் ஒரு காப்பித்தூள் பார்சல் வந்தது. சம்பந்தி இத்தாலியிலிருந்து அனுப்பியது. நீங்கள் போவதற்கு முன்பே தபாலில் போட்டது, இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. மேலே உங்கள் பெயருக்கு முன்னால் “எக்ரேஜியோ சின்யோர்”. மதிப்புக்குரிய ஐயா என்று நீங்கள்தான் அர்த்தம் சொல்லியிருக்கிறீர்கள். பிரிக்க மனம் வரவில்லை. பிரிக்காமலே தாகேதாவில் நம் வீடு முழுக்கக் காப்பி வாசனை.

இத்தாலியச் சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போன நாளிலிருந்தே உங்களுக்கு இந்த மரியாதைப் பைத்தியம். “நம்மூர்ல வயசு ஏறினா பர்மாக்காரங்க பேருக்கு முன்னால ‘கோ’ போயி ‘ஊ’ வரும். அங்க படிப்பைப் பாக்கணும். பட்டதாரின்னா தொத்தோரே, இன்ஜினியர்னா இன்ஜென்யேரே. வெறும் சின்யோர்னு கூப்பிட்டா சில பேருக்கு மூஞ்சி சுண்டிப்போயிரும்” என்பீர்கள். சோறு போட்டுக்கொண்டே நானும் கேட்டுத் தொலைப்பேன்.

அந்த ஞானத்தையெல்லாம் மகள் விரும்பிய இத்தாலிக்காரப் பையனிடம் அல்லவா காட்டினீர்கள்! பக்கத்துத் தன்லியினில் தொழிற்சாலை இன்ஜினியர். ஞாயிறுதோறும் வந்து உட்காருவான். மகள் சொல்லிக்கொடுத்த அரைகுறைத் தமிழில், “மார்க்கோன்னு கூப்பிடுங்க” என்று கெஞ்சுவான். நீங்களோ வாய் நிறைய “இன்ஜென்யேரே” என்பீர்கள். ‘மாப்பிள்ளை’ மட்டும் உங்கள் வாயில் வரவே வராது.

“மரியாதை குடுத்தே அவரை வாசல்ல நிறுத்தி வைக்கிறாங்கம்மா. அப்பா சம்மதிக்கலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்” என்று மகள் அழுதாள். எனக்கு உங்கள் மேல் அப்படி ஓர் ஆத்திரம். பாத்திரத்தை உருட்டினேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. மகளுக்கு நீங்கள் ‘அப்பா’. நான் உங்கள் பெயரைச் சொன்னதே கிடையாது. அவன் காதில் விழுந்ததெல்லாம் என் “ஏங்க”தான். அதையே உங்கள் பெயர் என்று நினைத்துவிட்டான், பாவம். எழுந்து நின்று, கைகூப்பி, “சின்யோர் ஏங்க, உங்க மகளை எனக்குக் குடுங்க” என்றான்.

முதலில் சிரித்தது நீங்களா நானா, தெரியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடியே, மாப்பிள்ளைக்குச் சாப்பாடு எடுத்து வை” என்றீர்கள். மகள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். ‘ஏங்க’ என்றால் யார் யாரைக் கூப்பிடுவது என்றும் நன்றாகத் தெரியும். முந்தாநாள் மீன்குழம்பு கொதிக்கும்போது பழக்க தோஷத்தில், “ஏங்க, உப்புப் பாருங்க” என்று குரல் கொடுத்துவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. கரண்டியோடு அப்படியே நின்றேன். கூடத்திலிருந்து மாப்பிள்ளை எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினார்.

“ஊத்துங்க அத்தை, நான் பாக்குறேன்” என்றார்.