மழை பெய்த வரி

இல்லை, அதை இன்னும் திருத்தவில்லை. திருத்துவது சரிதானா என்றும் தெரியவில்லை.

உன் மொழிபெயர்ப்பின் அச்சுப்பிரதி என் மேசையில் கிடக்கிறது. உன் அம்மா மிசிசாகாவரை காரோடி வந்து தந்துவிட்டுப் போனார். பையைத் திறந்ததும் நனைந்த கல்லின் மணம். தாள்களைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்தே இருக்கின்றன.

நீ போன முப்பத்தோராம் நாளுக்கு உன் கல்வெட்டு, உன் நினைவாகக் கொடுக்கும் புத்தகம், அச்சாகிறது. அதில் உன் மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு பக்கம் வரவேண்டுமாம்.

“அவளுக்குப் பிடிச்ச பக்கம், பிள்ளை. மூலத்தோடை ஒருக்கால் ஒப்பிட்டுப் பார். பிழை இருந்தால் சனம் கதைக்கும். ஆனா அவள் எழுதினதிலை கை வைச்சிடாதை.”

இரண்டும் எப்படி முடியும் என்று நான் கேட்கவில்லை. ஓம் அன்ரி என்றேன்.

கல்வெட்டு என்றாலே உனக்குச் சிரிப்பு. நீ மொழிபெயர்த்த, பழைய பிரெஞ்சில் பாடிய அந்த நோர்மன் கவிஞனைப் பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு அறிமுகப்படுத்தியதும் அப்படித்தான். “இவன் பிரபுக்களுக்குக் கல்வெட்டுப் பாடினவன். தகப்பன் ஆர், பேரன் ஆர், ஆர் ஆரை வெட்டினது, எல்லாம் பாட்டிலை.” பிறகு குரலைத் தாழ்த்தினாய். “எங்கடை கல்வெட்டிலை செத்தவை எல்லாரும் உத்தமர். இவன் தான் ஏமாந்ததையும் எழுதினவன்.”

அவன் பாட்டில் ஒரு காட்டில் ஊற்று. பக்கத்துக் கல்லில் அதன் நீரை வார்த்தால் மழை வரும் என்று ஊர் சொன்னது. கவிஞன் தேடிப் போனான். ஒன்றும் காணவில்லை. காணவில்லை என்றே எழுதினான்.

நாங்களும் போனோம். மோர்னிங்சைட் பூங்காவின் ஓடை. கோப்பிக் கப்பில் தண்ணீர் அள்ளினேன்.

“எடி, சிரியாமல் ஊத்து. பலிக்காது.”

கரையிலிருந்த கல்லில் ஊற்றினேன். நீலவானம். பத்து நிமிடம் நின்றோம். நீ கைதட்டினாய். “பாத்தியே? ஒண்டுமில்லை! என்ன நேர்மையான ஆள்!”

அச்சுப்பிரதியில் அந்த இடம் இப்படி இருக்கிறது: *கல்லில் நீர் வார்த்தேன். மழை பெய்தது.*

மூலத்தில் மழை இல்லை. உனக்கு அது தெரியாததல்ல. நீ என்னோடு பகிர்ந்திருந்த கோப்பின் பழைய வடிவங்களைக் கணினியில் பார்த்தேன். இரண்டு வருடமாக அங்கே ‘ஒன்றும் காணவில்லை’ என்றுதான் இருந்திருக்கிறது. மாற்றியது, நான் உன்னை வைத்தியசாலையில் கடைசியாகப் பார்த்த அன்று.

அன்று பிற்பகல். ஜன்னலில் நல்ல வெயில். மடிக்கணினி உன் வயிற்றின் மேல் இருந்தது.

“வெளியிலை மழை விட்டிட்டுதோ?”

“மழையே பெய்யேல்லை.”

“உனக்குப் பெய்யேல்லை” என்று சொல்லிச் சிரித்தாய்.

குனிந்தபோது கட்டிலின் கீழ் உன் செருப்பைக் கண்டேன். ஈரம். அடியில் ஓர் இலை ஒட்டியிருந்தது. நீ இரண்டு நாளாக எழும்பவே இல்லை என்று தாதி சொன்னாள். தரையைத் துடைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். தரையில் கைவைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீ பதில் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன்.

இப்போது இந்த வரி. மூலத்தின்படி திருத்தினால், நீ கடைசியாக எழுதியதை அழித்தவள் நான். விட்டால், காணாததைக் காணவில்லை என்று எழுதியவனின் வாயில் ஒரு பொய். நீ பொய் எழுதுகிறவள் அல்ல. அதுதான் என்னைத் தூங்கவிடாதது.

நான் அந்த மழையைப் பார்க்கவில்லை. நீ சொல்லிக் கேட்டேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

இதுவரை எழுதி நிறுத்திவிட்டு, உன் அம்மாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தேன். ஒரு சொல்லின் வாலில் மட்டும் கை வைத்திருக்கிறேன், ‘பெய்தது’ என்பதைப் ‘பெய்ததாம்’ என்று ஆக்கியிருக்கிறேன் என்றேன்.

“பெய்ததாமோ? ஆர் சொன்னது?”

“உங்கடை மகள்தான், அன்ரி. எனக்கு.”

அன்ரி அந்தச் சொல்லை இன்னொருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

“அப்ப சரி, பிள்ளை.”

கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன்.