சிவப்பு நல்லது என்றார் கிறகரி

2025 மே 4, ஞாயிறு

தூண்டில் கோல் வாங்கியாயிற்று. ஆறு அடி பத்து அங்குலம், நடுத்தர வலு, நுனி மட்டும் சட்டென்று வளையும். ரீல் 2500 அளவு. இந்த இலக்கங்களின் பொருளைக் கடையில் நின்ற பெண் இருபது நிமிடம் பிரெஞ்சில் விளக்கினாள். பாதி விளங்கியது. மற்றப் பாதிக்குத் தலையாட்டினேன்.

காரணம் குடும்ப வைத்தியர். இரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. திரை இல்லாத பொழுதுபோக்கு ஒன்றைப் பிடி என்றார். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஆறு. கனடாவில் இந்த லாசாலுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாக, அங்கே தூண்டிலோடு நிற்பவர்களைப் பார்த்தபடி நடந்து போயிருக்கிறேன். பாஸ் என்ற மீனாம். யூன் பிற்பகுதியில்தான் பிடிக்க அனுமதி. படிக்க ஆறேழு வாரம் இருக்கிறது.

மனைவி சிவமலருக்குப் பிடிக்கவில்லை. "ஆக்கள் கண்டால் என்ன சொல்லுவினம்? வயசு போன நேரத்தில மீன் பிடிக்க வெளிக்கிட்டிட்டார் எண்டெல்லோ கதைப்பினம்" என்றாள். எங்கள் ஊரில் யார் என்ன தொழில் செய்யலாம் என்ற பட்டியலை விமானத்தில் கூடவே கொண்டுவந்துவிட்டாயா என்று கேட்டேன். எனக்கு அப்படியான எண்ணங்கள் கிடையாது.

மே 7, புதன்

நூலில் பிழை விட்டுவிட்டேன். பாஸ் முரட்டு மீன் என்று வாசித்துவிட்டு இருபது இறாத்தல் தாங்கும் தடித்த தங்கூசி நூல் வாங்கினேன். சின்ன ரீலில் அது அடங்கவில்லை. வளையத்தைத் திறந்ததும் சுருள் சுருளாக எழும்பிச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரந்தது. சிவமலர் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அது இலேசாக இருந்திராது.

சரியான முறை இது: ரீலில் பத்து இறாத்தல் பின்னல் நூல். மெல்லியது, வலு கூடியது, ஆனால் மீனின் கண்ணுக்குத் தெரியும். ஆகவே நுனியில் இரண்டு கையையும் விரித்த ஒரு பாகம் அளவுக்கு, தண்ணீரில் தெரியாத எட்டு இறாத்தல் நூல். இரண்டையும் பொருத்தும் முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் உரசுகிற சூட்டில் நூல் கெட்டுவிடும். பதினொரு தரம் கட்டினேன். பன்னிரண்டாவது நின்றது.

மே 12, திங்கள்

கோலும் நூலும் சரி. இனி லூர், அதாவது போலி இரை. கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொங்குகிறது. புழு, தவளை, சின்ன மீன், ஒன்றையும் போல இல்லாத சில. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிறம்.

இன்று காரில் கிறகரியிடம் கேட்டேன். பத்தொன்பது வருடமாக அவருடைய காரில்தான் வேலைக்குப் போகிறேன். புரோசார்ட்டிலிருந்து வந்து, 6.10க்கு என்னை ஏற்றிக்கொண்டு லஷீனில் உள்ள தொழிற்சாலைக்குப் போவார். தயிர்ப் பெட்டிகளுக்குப் பிளாஸ்ரிக் மூடி அடிக்கும் இயந்திரத்தில் அவர். அந்த மூடிகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பவன் நான்.

குருநகர் ஆள், யாழ்ப்பாணத்தில் கடற்தொழிலாளரின் ஊர். இவரைவிட யாரிடம் கேட்பது? தனக்கு இதெல்லாம் தெரியாது என்றார். சும்மா சொல்லாதேங்கோ, உங்கட ஆக்களுக்குத் தெரியாததோ என்றேன். நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெரிந்து நின்றன. கொஞ்ச நேரம் முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சிவப்பு நல்லது, நாதன் அண்ணை" என்றார். பிறகு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

மே 17, சனி

சிவப்பில் சுழலும் தகடு இரண்டு. சிவப்பு இறப்பர்ப் புழு ஒரு பை. மூன்று கொக்கி தொங்கும் சிவப்பு மீன் ஒன்று. இந்த ஆற்றுத் தண்ணீர் தெளிவு, பழுப்பும் பச்சையும்தான் எடுபடும் என்றாள் கடைப் பெண். எனக்குத் தெரிந்த ஒருவர் பரம்பரையாகவே இதில் இருப்பவர் என்றேன். சிவப்பையே பையில் போட்டாள்.

யூன் 22, ஞாயிறு

பருவம் திறந்து முதல் ஞாயிறு. காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை நின்றேன். மீன் இல்லை. கல் இடுக்குகளில் மாட்டிப் போன லூர் மூன்று. என் பக்கத்தில் நின்ற வியட்நாம்காரர் பழுப்பு நிறத்தில், வால் பக்கம் கீற்றுக் கீற்றாகப் பிரிந்த இறப்பர் ரியூப் லூர் ஒன்றைப் போட்டு நான்கு பிடித்தார். நான்கையும் திரும்ப விட்டுவிட்டார்.

யூன் 24, செவ்வாய்

சென் ஜோன் விடுமுறை. திரும்பவும் போனேன். மீன் இல்லை.

யூன் 25, புதன்

கன்ரீனில், கூட வேலை செய்யும் ரதீசன் மீன்பாடு எப்படி என்று கேட்டான். நான் கதையைச் சொன்னேன். குருநகர் ஆளைக் கேட்டுத்தான் எல்லாம் சிவப்பாக வாங்கினேன், ஒரு குஞ்சும் கிட்ட வரவில்லை, கனடாவுக்கு வந்து மனிசன் தொழிலை மறந்திட்டார் என்றேன். மேசையே சிரித்தது. ரதீசனுக்குப் புரைக்கேறியது. கிறகரி சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போனார்.

திரும்பி வரும்போது ரேடியோ போடவில்லை. எங்கள் தெருவில் காரை நிறுத்திவிட்டுத்தான் கதைத்தார். சத்தம் போடவில்லை.

"அப்பா கச்சேரியில அரசாங்கக் கிளாக். நான் கடலுக்குப் போனதே இல்லை, எனக்கு நீந்தவும் தெரியாது. நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சனான். பத்தொன்பது வருஷம் ஒரே காரில வாறம், அண்ணை. ஒருநாள் கேட்டிருக்கிறீங்களோ?"

நான் பகிடிக்குச் சொன்னது என்றேன். கதவை மெல்லச் சாத்தச் சொன்னார்.

ஒரு பகிடிக்கு இவ்வளவு கோபமா?

யூன் 26, வியாழன்

6.10. 6.20. பிறகுதான் கைபேசியைப் பார்த்தேன். பின்னேர வேலைக்கு மாறிவிட்டாராம். இரண்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர 7.25.

யூலை 1, செவ்வாய்

விடுமுறை. இங்கே வாடகை வீடு மாறுகிற நாளும் இதுதான், தெரு முழுக்கச் சாமான் ஏற்றுகிறவர்கள். நடைபாதையில் ஒரு மெத்தையைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். ஒரு தரம்கூட வீசவில்லை. வந்துவிட்டேன்.

யூலை 6, ஞாயிறு

நடந்ததைச் சிவமலருக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்களுக்குத்தானே அப்படியான எண்ணம் ஒண்டும் இல்லை" என்றாள். பிறகு உடுப்பு மடிக்கப் போய்விட்டாள்.

தொழிற்சாலையில் வெடித்த மூடி கையில் அகப்பட்டால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன பிழை, எங்கே நடந்தது, மூல காரணம் என்ன. முதல் இரண்டையும் எவரும் நிரப்புவார்கள். மூன்றாவதில் எல்லோரும் 'கவனக் குறைவு' என்று எழுதுவார்கள். நான் அதை ஏற்காமல் திருப்பி அனுப்புவேன். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

என்ன பிழை: கிறகரியை மீன்பிடிகாரன் என்று நினைத்தது. எங்கே: காரில் ஒரு தரம், கன்ரீனில் பத்துப் பேருக்கு முன்னால் ஒரு தரம். மூல காரணம்: குருநகர் ஒரு ஊர்ப் பெயர், அதில் என்ன இருக்கிறது —

என்ன இருக்குதெண்டு எனக்குத் தெரியும்தானே. தெரிஞ்சுதானே சொன்னனான். தெரியாத மாதிரி ஆருக்கு எழுதிறன்? வெள்ளைக்காரன் ஒருத்தன் என்னைக் கண்டவுடன கறிச் சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிறியோ எண்டு கேட்டால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சொல்லித் திரிவன். கிறகரி பத்தொன்பது வருஷம் வாய் திறக்கேல்லை.

வெட்கமாக இருக்கிறது. படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

யூலை 19, சனி

ரெயிலில் புரோசார்ட்டுக்குப் போனேன். அவருடைய வீட்டுக்கு நான் போனது இதற்கு முன் இரண்டே தரம். கதவைத் திறந்தது இமெல்டா, கிறகரியின் மனைவி. என்னைக் கண்டு திடுக்கிட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார்.

சொல்ல வேண்டியதை ரெயிலில் நான்கு விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். நான்கும் மறந்துவிட்டன. பிழை என்னுடையது, பகிடி என்று சொன்னதும் பொய், திங்கட்கிழமை கன்ரீனில் அதே ஆட்களுக்கு முன்னால் சொல்லுவேன் என்றேன். வேண்டாம் என்றார் கிறகரி. அவர்கள் அதற்கும் சிரிப்பார்களாம்.

 சுவரில் ஒரு பழைய வகுப்புப் படம், சின்னப் பிள்ளைகள் நாற்பது பேர், நடுவில் கழுத்துப்பட்டியோடு கிறகரி. அந்தப் படம் முன்னமும் அங்கேதான் தொங்கியிருக்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். சொன்னார். எந்த வகுப்பு என்று கேட்டேன். அதையும் சொன்னார். தேத்தண்ணி ஆறிவிட்டது.

வெளிக்கிடும்போது படியில் நின்று அவராகவே கேட்டார்.

"சிவப்பெண்டு ஏன் சொன்னனான் தெரியுமோ? முன்னால நிண்ட காரின்ர பிரேக் லைற்."

சொல்லும்போது சிரித்தாரா இல்லையா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர் பின்னேர வேலையிலிருந்து திரும்ப மாறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

சிவப்பு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் பேணியில் போட்டு மூடினேன். பழுப்பும் பச்சையும் கலந்த ரியூப் ஒரு பை, கால் அவுன்ஸ் ஈயத்தலைக் கொக்கி ஆறு. கடைப் பெண் பழையதைக் கிளறவில்லை. ரியூப்பை அடியில் விழவிட்டு, கல்லில் தட்டுப்படுவது கையில் உணரும்படி மெல்ல இழுக்கச் சொன்னாள். பாஸ் அதை நண்டு மாதிரி ஏதோ என்று நினைத்துக் கவ்வுமாம்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பிடித்தேன். முப்பத்தைந்து சென்ரிமீற்றர் இருக்கும். கல் என்று நினைத்தேன், கல் நகர்ந்தது. கோல் வளைந்த வளைவில் நெஞ்சு அடித்துக்கொண்டது. வைத்தியர் இதை யோசித்திருக்கமாட்டார். வெண்கல நிறம், சிவந்த கண். ஆற்று மீன் எங்கள் வீட்டுச் சட்டிக்குள் வரக்கூடாது என்பது சிவமலரின் சட்டம், அதனால் விட்டுவிட்டேன்.

முதலில் கிறகரிக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. படத்தை அனுப்பினேன், நிறம் பழுப்பு என்று மட்டும் எழுதி. பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

ஓகஸ்ட் 18, திங்கள்

பஸ். மழை.

ஓகஸ்ட் 25, திங்கள்

குடையோடு வாசலுக்கு வந்தேன். கார் நிற்கிறது. 6.10.

ஏறினேன். இமெல்டாவுக்குப் பின்னேர வேலை ஒத்துவரவில்லை என்றார். சரி என்றேன். லஷீன் வரை வேறு கதை இல்லை. கிறகரி திரும்ப வந்துவிட்டார் என்று எழுதினால் போதும். அதற்கு மேல் எழுதினால் கூடிவிடும். ஆனால் பகல் முழுக்கச் சந்தோசமாக இருந்தேன்.

செப்ரெம்பர் 3, புதன்

நெடுஞ்சாலையில் நெரிசல். திடீரென்று, சனிக்கிழமை தானும் ஆற்றுக்கு வருவதாகச் சொன்னார் கிறகரி.

"முப்பது வருஷமா மீன் பிடிக்கிறவன் எண்டு பேர், நாதன் அண்ணை. ஒருக்காவும் பிடிக்காமல் பேரை மட்டும் சுமக்கிறது நட்டமெல்லோ."

 என்னிடம் இரண்டாவது கோல் இல்லை, ஆனால் வாங்கலாம் என்றேன்.

செப்ரெம்பர் 6, சனி

கோல் வாங்கினோம், என்னுடையதைப் போலவே. ஆற்றில் காற்று அதிகம், அடுத்த சனிக்கு ஒத்திவைத்தோம். மீன்பிடி அனுமதிக்குப் பெயரும் பிறந்த திகதியும் வேண்டும் என்றாள் கடைப் பெண். கிறகரி சொல்ல அவள் தட்டினாள். 1962, மார்ச்.

நான் 1965.

மூன்று வயது மூத்தவர், என்னை அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறார். நான் அவரைக் கிறகரி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன். என் தலை முழுக்க நரை, அவர் மை பூசுகிறவர், அதுதான் காரணம் என்று வீட்டுக்கு வரும் வரை நம்பப் பார்த்தேன். அந்தப் படிவத்தையும் நானே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

செப்ரெம்பர் 13, சனி

காலை ஏழு மணி. காற்று இல்லை, தண்ணீர் கண்ணாடி. கிறகரி முழங்கால் வரை சப்பாத்துப் போட்டு வந்தார், தண்ணீரில் இறங்காமல் கல்லில் நின்றார். முதல் வீச்சு பின்னால் இருந்த மரத்தில் மாட்டியது. இரண்டாவது என் தொப்பியில். பிறகு மெல்ல மெல்லச் சரி வந்தது. வீசும் கோணத்தைத் தனக்குள் ஏதோ கணக்காகச் சொல்லிக்கொண்டு வீசினார். அவர் சொன்ன கணக்கு எனக்கு விளங்கவில்லை, விளக்கச் சொல்லிக் கேட்டேன். கேட்டதும் கோலை இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் விளக்கினார்.

எட்டு ஐம்பதுக்கு அவருடைய கோல் வளைந்தது. என்னுடையதைவிடப் பெரிய மீன், தண்ணீருக்கு மேலே ஒரு தரம் துள்ளி விழுந்தது. அவர் பதறிப்போய்க் கோலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால் நூல் தளரும், தளர்ந்தால் கொக்கி கழலும்.

"அண்ணை, கோலை உயத்திப் பிடியுங்கோ" என்றேன்.

கிறகரி திரும்பிப் பார்த்தார். என்னை அல்ல. நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று, எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார். பாதையில் ஒருவரும் இல்லை. அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் நூல் தளர்ந்துவிட்டது.

ரீலைச் சுற்ற, வெறும் ரியூப் மட்டும் திரும்பி வந்தது. பிறகு அவர் ரியூப்பை நேராக்கித் திரும்ப வீசினார்.

மீன்பிடிக் கொப்பியில் இன்றைய வரி: பத்து இறாத்தல் பின்னல், எட்டு இறாத்தல் நுனி, பழுப்பு-பச்சை ரியூப். மீன் ஒன்று, தவறியது. காரணம்: பத்தொன்பது வருடம் பிந்திக் கூப்பிட்டது.