லட்சுமிக்கு நாலு புருவம்

என் தங்கமான நங்கையாவுக்கு,

அன்றைக்கு அச்சகத்தில் இருந்தது ஐந்து பேர். முதலாளி வேலப்பன். லட்சுமி படக் காலண்டர் அடிக்கக் கொடுத்திருந்த வண்டிப்பெரியார் தேயிலைக் கடைக்காரர் துரைராசு. மெஷின் ஓட்டிய என் அண்ணன் ஆறுச்சாமி. மெஷினுக்குத் தாள் கொடுத்த அண்ணன் மனைவி, நீங்கள். அடித்த தாளை வாங்கி அடுக்கிய நான். எழுபதுகளில் பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு விஜயதசமிக் காலை. வேறு யாராவது நானும் இருந்தேன் என்றால் அது பொய்.

நீங்கள் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. ஐந்தாவதோடு நின்ற கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கெல்லாம் ஒரு கலர் படத்துக்கு நாலு பிளாக், நிறத்துக்கு ஒரு அச்சுக்கட்டை. முதலில் மஞ்சள், அது காய்ந்ததும் அதன் மேலேயே சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியில் கறுப்பு. தாளின் மூலைகளில் சின்னதாகக் கூட்டல் குறி இருக்கும். நாலு நிறத்தின் குறியும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் ரிஜிஸ்டர் சரி. மஞ்சளும் சிவப்பும் மட்டும் ஏறிய லட்சுமியைப் பார்த்து, காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறாள் என்று நான் சிரிப்பேன். "நீலம் வரட்டும் அம்மிணி, எந்திரிச்சு உக்காந்துக்குவா" என்பீர்கள்.

மழை ஈரம் குடித்தால் தாள் உப்பும். நம் பாலக்காட்டு வறட்டுக் காற்றடித்தால் சுருங்கும். ஒரு மயிரிழை மாறினாலும் அடுத்த நிறம் தள்ளி விழும். அதனால்தானே பாதி அடித்த தாள்கட்டை, பிள்ளையைச் சுற்றுவது போலத் தார்ப்பாயில் சுற்றி வைப்பீர்கள்.

சரஸ்வதி பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்த சாயங்காலம் அந்தத் தார்ப்பாயை உரித்தது அண்ணன்தான்.

"சாமி மொகத்த மூடி வெச்சுட்டுப் பூஜை பண்ணுனா ஆகுமா?"

"மழ வருதுங்க. வேண்டாங்க" என்றீர்கள்.

"நீ சும்மா இரு. சாமிக்குத் தெரியாத மழையா?"

பூஜைக்கு வைத்ததை விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஓட்டுக்கு மேலே மழை விடாமல் பெய்தது. நீங்கள் வீட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தீர்கள்.

விஜயதசமியன்று நீலம் ஏற்றினோம். துரைராசு ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்ன அண்ணாச்சி, லட்சுமிக்கு நாலு புருவம் இருக்கு? கடைக்கு வாரவன் தேயிலை வாங்குவானா, வேப்பிலை கேப்பானா?"

முதலாளி முகம் கறுத்துவிட்டது. "ஆறுச்சாமி, என்னப்பா இது?"

அண்ணன் மெஷினையே பார்த்துக்கொண்டு சொன்னார். "தாள் குடுத்தது இவதானுங்க. கோணலா உட்டிருப்பா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கோணலா உட்டா ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு பக்கமா இழுக்குமுங்க. இது அத்தனையும் ஒரே மாதிரி தள்ளியிருக்குது. தாளு உப்பிப் போச்சுங்க. மூடி வெச்சதத் தொறந்து போட்டது அண்ணன்" என்றேன்.

"சின்னப் புள்ள, நீ பேசாத" என்றார் முதலாளி. பிறகு உங்களைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும் நங்கையா. நீங்கள் ஆமாம் என்றிருந்தால் போதும். "அடுத்த தடவ பாத்துக் குடுக்கறனுங்க" என்றீர்கள்.

"அடுத்த தடவையே வேண்டாம் அம்மிணி. இனி ஊட்டுலயே இருந்துக்க."

அத்தனை பிரியமாகச் செய்த வேலை அதோடு போயிற்று. அன்று மத்தியானம் அதே அண்ணனுக்கு ரசம் ஊற்றினீர்கள். பின்கட்டில் வைத்து ஏன் என்று கேட்டேன். "மெஷின்காரருன்னு ஒரு பேரு இருக்குது அவருக்கு. அதும் போச்சுன்னா மனுசன் என்ன பண்ணுவாரு?" உங்களுக்கு ஒரு பேர் இல்லையா என்றேன். நீங்கள் பாத்திரம் கழுவப் போய்விட்டீர்கள். மன்னித்தீர்களா, விழுங்கினீர்களா? கடைசிவரை சொல்லவே இல்லையே.

இங்கே ஒரு சேதி. என் பேத்தி கோயமுத்தூரில் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நாலு நிறமும் ஒரே ஓட்டத்தில் விழுகிறதாம். தாளுக்கு ஈரம் ஏறாமல் இருக்க அறைக்கு ஏசி போட்டிருக்கிறார்களாம். "மனுசருக்கு இல்ல ஆத்தா, தாளுக்கு" என்றாள். நீங்கள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

அண்ணன் இப்போது என் வீட்டில்தான். கண் மங்கிவிட்டது. உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறார். ஆனால் அந்த நாளைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "அவரப் பாத்துக்க" என்றீர்கள். பார்த்துக்கொள்கிறேன். களி அவருக்குப் பிடித்த மாதிரி இளகலாகத்தான் கிண்டுகிறேன், மருந்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அவர் மூச்சு இருக்கும்வரை ஒரு வேளை குறை வைக்க மாட்டேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

முதலாளியை எப்போதோ விட்டுவிட்டேன். துரைராசு பாவம், அவர் கண்டதைச் சொன்னார். விடாதது ஒருவரைத்தான்.

உங்கள் நாத்தனார் ருக்குமணி,
சோறு போடுவாள், மன்னிக்க மாட்டாள், கூடப் பிறந்த ஆறுச்சாமியை.